ஊர் ஆடும் மாலை: தருமபுரியில் மெல்லிசைக் கச்சேரி நடத்த முழு வழிகாட்டி

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் மெல்லிசைக் கச்சேரிக்குப் பஞ்சமே இல்லை. கல்யாண வரவேற்பு, மாரியம்மன் திருவிழா, கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சி, ஒகேனக்கல் ஆடிப்பெருக்கு என்று ஏதோ ஒரு மேடையில் கீபோர்டும் ரிதம் பேடும் ஒலித்துக்கொண்டுதான் இருக்கின்றன. ஆனால் மேடையை விட்டுவிட்டுக் கூட்டத்தை ஒருமுறை கவனித்துப் பாருங்கள். மேடையை ஒட்டி முக்கியஸ்தர்களுக்கான சோபா, அதன் பின்னால் மூச்சுவிட இடமின்றி பிளாஸ்டிக் நாற்காலிகள். ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் இருபது இளைஞர்கள் மட்டும் ஆடுகிறார்கள். மற்றவர்கள் அமர்ந்தபடியே கால் விரலால் தாளம் போட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்புகிறார்கள். ஆட ஆசையிருந்தும் ஆடாமல் போகிற அந்தக் கூட்டத்தில் பெண்கள்தான் அதிகம்.

இந்த வழிகாட்டி அவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. உள்ளூர் மெல்லிசைக் குழு ஒன்றை அழைத்து, மூன்று மணி நேரம் எல்லோரும் பாட்டுக் கேட்டு, விரும்புகிறவர்கள் கூச்சமின்றி ஆடிவிட்டுப் போகும்படி ஒரு மாலையை அமைப்பது எப்படி? தருமபுரி குமாரசாமிப்பேட்டை முருகன் கோயிலில் தைப்பூசத் தேரைப் பெண்கள் வடம் பிடித்து இழுக்கிறார்கள். பட்டப்பகலில் பொது வீதியில் தேர் இழுக்கிற பெண்கள் ஒரு மண்டபத்துக்குள் ஆடத் தயங்கினால், குறை அவர்களிடம் இல்லை, ஏற்பாட்டில் இருக்கிறது. பெரிய ஸ்பீக்கரும் பெரிய பாடகரும் அந்தக் குறையைத் தீர்க்க மாட்டார்கள். ஆடுவதற்கான இடமும் பாட்டுகளை அடுக்கும் முறையும்தான் தீர்க்கும்.

முதல் படி: நாளும் மண்டபமும்

குழுவின் நாட்காட்டியை முகூர்த்தங்கள்தான் தீர்மானிக்கின்றன. தை, வைகாசி, ஆவணி முகூர்த்த நாட்களில் நல்ல குழுவும் கிடைக்காது, மண்டபமும் கிடைக்காது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. ஆடியில் அம்மன் கோயில் திருவிழாக்கள் குழுக்களை இழுத்துக்கொள்ளும் என்பதால், என் தேர்வு மார்கழி. மண்டபங்கள் காலியாக இருக்கும், வாடகையில் பேசிப் பார்க்கவும் இடமுண்டு. கிழமையில் சனிதான் சரி. ஓசூர் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறவர்கள் அன்று மாலை ஊர் திரும்புவார்கள். மறுநாள் ஞாயிறு என்பதால் பிள்ளைகளைத் தூங்கச் சொல்லி யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள்.

திறந்த மைதானம் பார்க்க அழகுதான். ஆனால் ஏப்ரல், மே மாதங்களில் மாலை நேரத்து இடிமழை சொல்லாமல் வரும். செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழைக்காலம். முதல்முறை நடத்துகிறவர்கள் மண்டபத்திலேயே நடத்துங்கள்.

மண்டபத்தில் நான்கு விஷயங்களைப் பார்க்க வேண்டும். தரைத்தளமாக இருக்க வேண்டும். மாடி என்றால் கருவிகளைத் தூக்குவதும் சிரமம், முழங்கால் வலியுள்ள பெரியவர்கள் வருவதும் சிரமம். நடுவில் தூண் கூடாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றிலிருந்து 100 மீட்டருக்குள் இருக்கக் கூடாது, ஏனென்றால் அது அமைதி மண்டலம். தருமபுரியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைப் பக்கம் இடம் பார்க்கிறவர்கள் இதை முதலில் அளந்துகொள்ள வேண்டும். கடைசியாக, காலி மண்டபத்தின் நடுவில் நின்று கையை ஒருமுறை பலமாகத் தட்டுங்கள். அந்தச் சத்தம் அடங்க இரண்டு விநாடிக்கு மேல் ஆனால், பாட்டின் சொற்கள் அங்கே குழம்பும். பக்கச் சுவர்களில் கனமான திரைச்சீலை கட்டச் சொல்லுங்கள், அல்லது வேறு மண்டபம் பாருங்கள்.

இரண்டாம் படி: அனுமதி

காவல் நிலையத்தில் இரண்டு வாரங்களுக்கு முன்பே மனு கொடுத்துவிடுங்கள். நாள், தொடங்கும் நேரம், முடியும் நேரம், எதிர்பார்க்கும் கூட்டம், பொறுப்பாளர்கள் இருவரின் பெயரும் கைப்பேசி எண்ணும், மண்டபம் பதிவு செய்த ரசீதின் நகல் ஆகியவை மனுவில் இருக்க வேண்டும். கூம்பு வடிவ ஒலிபெருக்கி வேண்டவே வேண்டாம். பெட்டி ஸ்பீக்கர் என்று மனுவிலேயே எழுதுங்கள்.

ஒலி மாசு விதிகள் 2000இன்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குத் தடை. மூடிய அரங்குக்குள் மட்டும் கேட்கும் ஒலிக்கு விலக்கு உண்டு. ஆனால் நம் கல்யாண மண்டபங்களில் கதவும் சன்னலும் திறந்தேதான் கிடக்கும், ஆகவே அந்த விலக்கை நம்பாதீர்கள். குடியிருப்புப் பகுதியில் பகல் நேர வரம்பு 55 டெசிபல். தனியார் இடத்தின் எல்லையில், சுற்றுப்புறத்துக்கு அனுமதிக்கப்பட்ட அளவைவிட 5 டெசிபலுக்கு மேல் ஒலி கூடக் கூடாது. மண்டபத்தை ஒட்டியுள்ள வீடுகளுக்கு நேரில் போய், எத்தனை மணிக்கு முடியும் என்று சொல்லி, குடும்பத்தோடு வரும்படி அழைத்துவிட்டு வாருங்கள். அழைக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் புகார் கொடுப்பதில்லை.

அடுத்தது பதிப்புரிமை. திரைப்பாடல்களை மேடையில் பாடுவதும் பொது நிகழ்த்துதல்தான். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, மதச் சடங்குகளுக்கும் கல்யாணத்தை ஒட்டிய கொண்டாட்டங்களுக்கும் விலக்குத் தருகிறது. தொழில்முறை சாராத ஒரு கழகம் கட்டணமின்றி நடத்தும் நிகழ்ச்சிக்கும், ஒரு மத நிறுவனத்தின் நலனுக்காக அதே கழகம் நடத்தும் நிகழ்ச்சிக்கும் விலக்கு உண்டு. சம்பளம் வாங்கும் குழுவை வைத்து டிக்கெட் விற்றால் இந்த விலக்குகள் உங்களுக்கு உதவாது. 1969இல் தொடங்கப்பட்ட ஐ.பி.ஆர்.எஸ். (இந்தியன் பெர்ஃபார்மிங் ரைட் சொசைட்டி) அமைப்பிடம் நேரடி நிகழ்ச்சிக்கான உரிமம் பெற வேண்டும். பாட்டு எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் போய்ச்சேர வேண்டிய பணம் அது. வரவுசெலவில் முதல் வரியிலேயே அதை எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: குழுவைத் தேர்ந்தெடுத்தல்

சேலம் 65 கிலோமீட்டர், பெங்களூர் ஏறத்தாழ 130 கிலோமீட்டர். அதனால் வெளியூர்க் குழுவை அழைக்கும் ஆசை வரும். உள்ளூர்க் குழுவை அழையுங்கள் என்பேன். போக்குவரத்துச் செலவு மிச்சம் என்பது சிறிய காரணம். பாடகரைக் கூட்டத்தில் பாதிப் பேருக்குத் தெரிந்திருப்பது பெரிய காரணம். பக்கத்துத் தெருப் பையன் பாடும்போது ஆடுவதற்குக் கூச்சம் குறைகிறது. இளையராஜாவும் கங்கை அமரனும்கூட அண்ணன் பாவலர் வரதராசனோடு ஊர் ஊராகப் போய் மேடை ஏறியவர்கள்தான். மேடை கொடுத்தால்தான் குழு வளரும்.

காணொளியைப் பார்த்துக் குழுவை முடிவு செய்யாதீர்கள். அவர்கள் வாசிக்கும் ஒரு வரவேற்புக்கு நேரில் போய், மேடைக்கு முதுகைக் காட்டி நின்று கேளுங்கள். ஆண், பெண் குரல்கள் இரண்டும் தெளிவாகக் கேட்கின்றனவா? கீபோர்டு, லீட் கிட்டார், பேஸ் கிட்டார், ரிதம் பேடு, தபலா அல்லது டோலக், ஆண் பாடகர் இருவர், பெண் பாடகர் இருவர் என்று ஒன்பது பேர் இருந்தால் எந்தப் பாட்டையும் சமாளிக்கலாம். புல்லாங்குழல் சேர்ந்தால் இன்னும் நன்று.

தாளம் நேரடியாக வாசிக்கப்படுகிறதா, மைனஸ் ஒன் டிராக் (குரல் இல்லாமல் முன்பே பதிவுசெய்த இசை) ஓடுகிறதா என்பதை அவசியம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆட்டத்துக்கு நேரடித் தாளம்தான் வேண்டும். ஆடுகளத்தில் கூட்டம் சூடேறியிருக்கும்போது குழுத் தலைவர் கையைத் தூக்கிக் காட்டினால், பல்லவியை இன்னும் நான்கு முறை சுற்றலாம். டிராக்குக்குக் கண் கிடையாது. அது தன் நேரத்தில் முடிந்துவிடும்.

தொகை, முன்பணம், வரும் நேரம், மேடையில் இருக்கும் நேரம், ஒலி, ஒளி யார் பொறுப்பு, சாப்பாடு, நிகழ்ச்சி ரத்தானால் என்ன செய்வது என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். தெரிந்தவர்கள் என்றால் இன்னும் கட்டாயமாக எழுத வேண்டும்.

நான்காம் படி: பாட்டுப் பட்டியல்

இந்த வேலையைக் குழுவிடம் மட்டும் விட்டுவிடக் கூடாது. ஊரைத் தெரிந்தவர் நீங்கள்.

மாலை 6.30 முதல் 9.30 வரை 180 நிமிடம். நடுவில் 15 நிமிடம் இடைவேளை. மீதி 165 நிமிடத்தில், அறிவிப்பையும் சேர்த்து ஒரு பாட்டுக்கு ஐந்தரை நிமிடம் என்றால் 30 பாட்டுகள். குழுவிடம் 36 பாட்டுகள் தயாராக இருக்கட்டும். ஆறு, களத்தைப் பார்த்து மாற்றிக்கொள்ள.

விநாயகர் பாட்டில் தொடங்குவது வழக்கம். பிறகு மூன்று பழைய மெல்லிசைப் பாடல்கள், எம்.எஸ்.வி. காலத்தவை. நேரத்துக்கு வந்து முன்வரிசையில் அமர்பவர்கள் பெரியவர்கள்தான். அவர்களை முதலில் மகிழ்விக்க வேண்டும். அவர்கள் முகம் மலர்ந்த பிறகு பேரப்பிள்ளைகளைக் களத்துக்கு அனுப்புவார்கள். ஐந்தாவது, ஆறாவது பாட்டுகள் குழந்தைகளுக்கு. ஏழாவதாக ஒரு கும்மி வைக்கச் சொல்கிறேன். நம் பக்கத்தில் ஐம்பது வயதைக் கடந்த பெண்களில் கும்மி அடிக்கத் தெரியாதவர்கள் குறைவு. வட்டமாக நின்று, பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துக் கைதட்டி ஆடுவதால், யார் நம்மைப் பார்க்கிறார்கள் என்ற எண்ணமே எழாது. எந்த அத்தை, எந்தப் பெரியம்மா முதலில் எழுவார் என்று உங்களுக்குத் தெரியும். இரண்டு நாள் முன்பே அவர் வீட்டுக்குப் போய், “நீங்கள்தான் ஆரம்பித்துவைக்க வேண்டும்” என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவர் எழுந்தால் மருமகள் எழுவாள், பின்னால் பேத்தியும் வருவாள். கும்மி முடிந்ததும் ஒரு நொடிகூட இடைவெளி விடாமல் எண்பதுகளின் துள்ளலான டூயட் ஒன்று தொடங்கிவிட வேண்டும். களத்துக்கு வந்தவர்களை மீண்டும் நாற்காலிக்கு அனுப்பிவிடாதபடி அறிவிப்பாளரும் அங்கே வாயைத் திறக்கக் கூடாது.

அதன் பிறகு வேகத்தை ஏற்றி இறக்க வேண்டும். வேகமான குத்துப் பாட்டுகள் தொடர்ந்து மூன்றுக்கு மேல் வேண்டாம். நான்காவது, நிமிடத்துக்கு 90, 100 தட்டுகள் விழுகிற நடுத்தர வேகப் பாட்டாக இருக்கட்டும். வியர்த்தவர்கள் தண்ணீர் குடிப்பார்கள், வயதானவர்கள் அந்த நேரம் உள்ளே வருவார்கள். இந்த நடுத்தர வேகப் பாட்டுகளைக் குழுக்கள் அலட்சியம் செய்கின்றன. குடும்பமாக ஆடுகிறவர்களுக்கு உகந்தவை அவைதான்.

மொழி. கிருஷ்ணகிரி, ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்தில் தெலுங்கும் கன்னடமும் வீட்டு மொழிகள். உருது பேசும் குடும்பங்களும் ஏராளம். கிருஷ்ணகிரியில் நடத்தினால் 30இல் ஆறு பாட்டுகளாவது தெலுங்கு, கன்னடம், இந்தியில் இருக்க வேண்டும். தருமபுரி நகரத்தில் மூன்று போதும். தன் வீட்டு மொழியில் ஒரு பாட்டுக் கேட்டதும் பின்வரிசையிலிருந்து எழுந்து வருகிறவர்களின் முகத்தைப் பாருங்கள், அந்த ஆறு பாட்டுகளின் பயன் புரியும்.

சாதிப் பெருமை பேசும் பாட்டு ஒன்றுகூட வேண்டாம். ஒரு தெரு அதற்கு ஆடும்போது இன்னொரு தெரு எழுந்துபோகும். நேயர் விருப்பச் சீட்டில் கேட்டாலும், பணத்தோடு கேட்டாலும் இல்லை என்று சொல்லும் உரிமையை அறிவிப்பாளருக்கு எழுத்தில் கொடுங்கள். சீட்டு வாசிக்கும்போது பெயருக்குப் பின்னால் வரும் பட்டங்களையும் படிக்கக் கூடாது. இரட்டை அர்த்தப் பாட்டுகளுக்கும் இதே விதி. அப்படி ஒரு பாட்டு வந்தவுடன் களத்திலிருந்து முதலில் விலகுகிறவர்கள் பெண்கள்.

பம்பை வேண்டும் என்று இளைஞர்கள் கேட்பார்கள். நம் மண்ணின் தோல்கருவி, கேட்டதும் உடல் தானாக அசையும். ஆனால் அங்காளம்மனுக்கும் மாரியம்மனுக்கும் பம்பையும் உடுக்கையும் முழங்கும்போது அருள் வந்து ஆடுகிறவர்கள் இங்கே உண்டு. காவேரிப்பட்டணத்து மயானக் கொள்ளையைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். சாமி அழைக்கும் அடியைக் கேளிக்கை மேடையில் வாசிப்பது முறையல்ல. பம்பைக் கலைஞரிடமே கேளுங்கள். எந்த அடி கோயிலுக்கு மட்டும், எது வெளியே வாசிக்கத் தக்கது என்பதை அவரே பிரித்துச் சொல்வார். அவர் சொன்னதைக் கேட்டு, கடைசிப் பகுதியில் பத்து நிமிடம் அவருக்கே கொடுங்கள். மெல்லிசைக் கலைஞர்களுக்குத் தரும் அதே மரியாதையும் உரிய சம்பளமும் அவருக்கும் உண்டு.

ஒத்திகையில் மூன்றைக் கவனியுங்கள். முதலாவது சுருதி. பதிவில் உள்ள கட்டையில்தான் பாடுவேன் என்ற பிடிவாதம் வேண்டாம். உச்சத்தில் தொண்டை இறுகினால் அரைக் கட்டையோ ஒரு கட்டையோ இறக்கலாம். கீபோர்டில் அது ஒரு பொத்தான் வேலை. புல்லாங்குழல்காரர் வேறு குழல் எடுத்துவர வேண்டியிருக்கும் என்பதால் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். இரண்டாவது, இடையிசை. இரண்டாம் சரணத்துக்கு முந்தைய இசையை வெட்டுவது பல குழுக்களின் பழக்கம். சொல் இல்லாத அந்த இடத்தில்தான் ஆடுகிறவர்கள் தங்கள் ஆட்டத்தைக் காட்டுவார்கள். வெட்டக் கூடாது. மூன்றாவது, முடிப்பு. பதிவில் பல பாட்டுகள் மெல்லத் தேய்ந்து மறையும். மேடையில் அப்படி முடிக்க முடியாது. எல்லோரும் ஒரே அடியில் நிற்கும்படி ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு முடிப்பு அமைத்துப் பழக வேண்டும்.

ஐந்தாம் படி: ஆடுகளம்

மேடைக்கு முன்னால் 30 அடிக்கு 25 அடி வெறும் தரை. இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. கையை வீசி ஆட ஒருவருக்கு மூன்றடிக்கு மூன்றடி தேவை. 750 சதுர அடியில் எண்பது பேர் இடிபடாமல் ஆடலாம். முக்கியஸ்தர்களின் சோபாவைப் பக்கவாட்டில் போடுங்கள். நாற்காலிகள் மூன்று பக்கமும் இருக்கட்டும், நான்கைந்து இடங்களில் நடைவழி விட்டு. வரிசையின் நடுவில் மாட்டிக்கொண்டவர், பத்துப் பேரின் காலைத் தாண்டி வந்து ஆட மாட்டார்.

சிவப்புக் கம்பளம் வேண்டாம். செருப்பைக் கழற்றிவிட்டு ஆடுகிறவர்களின் காலில் ஆணி குத்தும், விளிம்பு தடுக்கும். டைல்ஸ் தரையைத் துடைத்து முழுவதும் உலரவிடுங்கள். தண்ணீரும் நீர்மோரும் களத்துக்கு வெளியே, பின்பக்கம்.

விளக்கை அணைத்துவிட்டு மின்னல் ஒளி அடிப்பதை நாகரிகம் என்று நினைக்கிறார்கள். இருட்டான களத்துக்கு எந்தத் தாயும் மகளை அனுப்ப மாட்டாள். முகம் தெரியும் அளவுக்கு மஞ்சள் விளக்கு எப்போதும் எரியட்டும், வண்ண விளக்குகள் மேடையோடு நிற்கட்டும்.

பெண்கள் ஆடத் தயங்குவதற்கு இன்று முதல் காரணம் கைப்பேசி. நாளை தன் ஆட்டம் எந்த வாட்ஸ்அப் குழுவில் வரும் என்ற அச்சம் நியாயமானது. களத்தைப் படம் பிடிக்கக் கூடாது என்று அழைப்பிதழிலேயே அச்சிடுங்கள், வாசலிலும் பலகை வையுங்கள். உங்கள் வீடியோகிராபர் ஒருவர் மேடையை மட்டும் எடுக்கட்டும். டிரோன் வேண்டாம். இதைக் கவனித்துக்கொள்ளப் பெண்கள் நால்வரும் ஆண்கள் நால்வரும் அடையாளப் பட்டையோடு களத்தின் ஓரத்தில் நிற்க வேண்டும். குடித்துவிட்டு வருகிறவரை வாசலிலேயே நிறுத்துவதும் அவர்கள் பொறுப்பு. கயிறு கட்டி ஆண், பெண் என்று பிரிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அண்ணனும் தங்கையும், கணவனும் மனைவியும் சேர்ந்து ஆடும் வாய்ப்பு அதனால் போய்விடும்.

ஆறாம் படி: ஒலியும் மின்சாரமும்

ஸ்பீக்கர்களை ஸ்டாண்டில் ஏற்றி, தலைக்கு மேலிருந்து களத்தைப் பார்க்கும்படி வையுங்கள். சுவரைப் பார்க்கக் கூடாது. மைக் எப்போதும் ஸ்பீக்கருக்குப் பின்னால் இருந்தால் கீச்சென்ற அலறல் எளிதில் வராது. மிக்ஸரை மண்டபத்தின் நடுப்பகுதியில் வையுங்கள். மேடை ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் ஒலி அமைப்பாளர் கேட்பது ஒன்று, கூட்டம் கேட்பது வேறு. முதலில் குரல், பிறகு தாளம் என்ற வரிசையில் சமன் செய்யச் சொல்லுங்கள். பாட்டின் சொல் புரிந்தால் கூட்டம் சேர்ந்து பாடும். சேர்ந்து பாடுகிற கூட்டம் ஆடத் தொடங்க நேரமாகாது.

காலி மண்டபம் எதிரொலிக்கும், ஆட்கள் நிறைந்ததும் ஒலியை உடல்கள் உறிஞ்சிக்கொள்ளும். அதனால் நான்கு மணிக்குச் சோதனையில் வைத்த அளவை ஏழு மணிக்கு மீண்டும் திருத்த வேண்டும். காதுக்குப் பாதுகாப்பான எல்லை 85 டெசிபலில் எட்டு மணி நேரம். 100 டெசிபலில் வெறும் 15 நிமிடம். கைப்பேசிச் செயலியில் அளந்துபார்த்து, களத்தின் நடுவில் 90ஐ ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் ஸ்பீக்கருக்குப் பத்தடிக்குள் போகாதபடி தடுப்பு வையுங்கள்.

மும்முனை இணைப்பில் ஒலி ஒரு முனையிலும் விளக்கு வேறொரு முனையிலும் இருக்கட்டும்; இல்லாவிட்டால் விளக்கு மாறும்போதெல்லாம் ஸ்பீக்கரில் இரைச்சல் வரும். எர்த் இணைப்பை எலக்ட்ரீசியன் அளந்து உறுதி செய்ய வேண்டும். பாடகர் கையில் மைக், கிட்டார்காரர் கையில் கம்பி என்பதை நினைவில் வையுங்கள். ஜெனரேட்டரை அன்று மாலை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். கீபோர்டுக்கும் மிக்ஸருக்கும் யு.பி.எஸ். இருந்தால் மின்சாரம் போய் வரும் இடைவெளியில் பாட்டு அறுபடாது.

ஏழாம் படி: அந்த மாலை

குழு மூன்று மணிக்குள் வர வேண்டும், ஒலிச் சோதனை ஐந்தரைக்குள் முடிய வேண்டும். பாடுகிறவர்களுக்கு அப்போது இட்லியும் வெந்நீரும் போதும், முழுச் சாப்பாடு நிகழ்ச்சிக்குப் பிறகு. பொன்னாடை, வரவேற்புரை, நன்கொடையாளர் பெயர் எல்லாம் 6.20க்குத் தொடங்கி 6.30க்குள் முடிந்துவிட வேண்டும். நடுவில் பேச்சு நுழைந்தால் களம் கலைந்துவிடும், மறுபடி கூட்ட அரை மணி நேரம் ஆகும். ஜவுளிக்கடைக்காரரோ நகைக்கடைக்காரரோ வருத்தப்படுவார் என்றால், அவர் பெயரைப் பெரிய பதாகையில் மாலை முழுவதும் தெரியும்படி வையுங்கள்.

இடைவேளையில் சுண்டலும் டீயும் கொடுங்கள். அப்போது குழுத் தலைவரோடு நின்று, எந்தப் பாட்டுக்குக் களம் நிறைந்தது, எதற்குக் காலியானது என்று பேசி இரண்டாம் பகுதியின் வரிசையை மாற்றுங்கள். கையிருப்பில் வைத்த ஆறு பாட்டுகள் அதற்குத்தான்.

9.30க்குக் கண்டிப்பாக முடியுங்கள். பாப்பாரப்பட்டிக்கும் பாலக்கோட்டுக்கும் பென்னாகரத்துக்கும் போகிறவர்கள் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். ஒன்பது மணிக்கே அவர்கள் எழுந்து போகத் தொடங்கினால் மற்றவர்களும் எழுவார்கள். அதனால் 8.50இலிருந்து 9.20 வரை உச்சம், பம்பையும் இந்த நேரத்தில். கடைசிப் பாட்டு எல்லோரும் சேர்ந்து பாடக்கூடிய நிதானமான மெல்லிசையாக இருக்கட்டும். மூச்சு வாங்க நிற்கிற கூட்டம் அமைதியாகக் கலையும். வெறியேற்றிய நிலையில் வாசலுக்கு அனுப்பினால் தெருவில் தகராறு வரும்.

எட்டாம் படி: முடிந்த பிறகு

குழுவின் மீதித் தொகையை, அவர்கள் கருவிகளை வண்டியில் ஏற்றுவதற்கு முன் எண்ணிக் கொடுத்துவிடுங்கள். நாளை வாருங்கள் என்று சொல்லக் கூடாது. சாப்பாடு சூடாக இருக்க வேண்டும். பெண் பாடகர்கள் வீடு சேர வண்டி ஏற்பாடு செய்து, போய்ச் சேர்ந்ததும் போன் வந்ததா என்று பாருங்கள். மண்டபத்தைக் கூட்டி, விளக்குகளையும் நாற்காலிகளையும் எண்ணி, சாவியை ஒப்படைத்து ரசீது வாங்குங்கள்.

அடுத்த வாரத்துக்குள் பக்கத்து வீடுகளுக்கு ஒருமுறை போய், சத்தம் எப்படியிருந்தது என்று கேளுங்கள். கும்மியைத் தொடங்கிவைத்த அத்தையிடமும் பேசுங்கள். எந்த இடத்தில் பெண்கள் எழுந்தார்கள், எதனால் உட்கார்ந்தார்கள் என்று அவரைவிடத் தெளிவாக யாரும் சொல்ல மாட்டார்கள். அவர் சொன்னதைப் பாட்டுப் பட்டியலின் ஓரத்தில் பாட்டு வாரியாகக் குறித்து, ஒரு நகலைக் குழுத் தலைவருக்குக் கொடுங்கள். அடுத்த மார்கழிச் சனிக்கிழமைக்கான மண்டபத்தையும் அந்த வாரமே பதிவு செய்துவிடுங்கள்.